ஊர் ஆதார் எல்லாம் எங்கள் டி டிரைவில்

தூசி தட்டலாம் என்று கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். விசிறியில் ஊதுபத்திப் புகையும் தூசியும் சேர்ந்து கம்பளிபோல் அப்பியிருந்தன. அடியில் செத்த கரப்பான்கள். ஆயுத பூஜைதோறும் வைத்த சந்தனமும் குங்குமமும் காற்றுத் துளைகளை அடைத்துக்கொண்டு, ஆறின புண்ணின் பொருக்கு மாதிரி காய்ந்து கிடந்தன. இதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் நான் தினமும் வடை தின்றிருக்கிறேன்.

ஸ்ரீரங்கத்தில் அம்மாமண்டபம் போகிற வழியில் இருக்கிறது, நான் வேலை பார்க்கும் ஆன்லைன் கடை. வருமானச் சான்று, பென்ஷன், பாஸ்போர்ட் என்று எல்லா விண்ணப்பமும் போடுவோம். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் கொள்ளிடக்கரைப் பக்கம் எங்கள் தெருவே "நம்ம தம்பி இருக்கான்ல" என்று இங்கேதான் வரும். என் தங்கையும் தோழிகளைக் கூட்டிக்கொண்டு வந்து, புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி வேலைக்கு விண்ணப்பம் போட்டாள்.

அந்த விண்ணப்பம் மெஷினிலேயே தங்கிவிட்டது. பிரிண்ட் எடுக்க வந்த எவனோ, தன் ஃபைலைத் தேடுகிற சாக்கில் அதைத் திறந்து, அவள் படத்தையும் நம்பரையும் போனில் பிடித்துக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து அவளுக்குக் கண்ட நேரத்திலும் அழைப்பு. அவளுடையதை உடனே அழித்தேன்.

"என்னோடத அழிச்சிட்ட, சரி" என்றாள் தங்கை. "நான் கூட்டிட்டு வந்த பொண்ணுங்களோடது? இன்னும் அங்கதானே இருக்கு?"

இருந்தது. அவர்களுடையது மட்டுமா? டி டிரைவ் முழுக்க ஊராருடைய ஆதார், பேங்க் புத்தகம், மார்க் ஷீட். முதலாளி எதையும் அழிக்க விடமாட்டார். "அவங்க பேப்பர் நம்மகிட்ட இருந்தாத்தான் தம்பி, அடுத்த தடவையும் நம்மகிட்ட வருவாங்க. எதுத்த கடைக்குப் போனா மொதல்லேருந்து ஸ்கேன் பண்ணணும்ல?"

அதைச் சொல்லிவிட்டுப் பெருமையாகச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்கு உடம்பு கூசும்.

எனக்கு வழி விட்டது, பென்ஷன்காரர்கள் விரல் வைக்கிற கைரேகை மெஷின். பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் இனி அது ஓடாது என்று அறிவிப்பு வந்தது. புதிய சிஸ்டத்தை எங்கள் கம்ப்யூட்டர் ஏற்கவேண்டுமானால் முதலில் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். சுவிட்சைப் போட்டதும் முதலில் விழித்து, மற்றதை எல்லாம் எழுப்பிவிடுகிற சின்ன மென்பொருள் அது. அது முடிந்ததும் இரண்டு டிரைவையும் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக ஏற்றுவது என்று திட்டம் போட்டேன்.

"சி-ய என்ன வேணா பண்ணிக்க. டி மேல கைய வெக்காத" என்றார் முதலாளி.

"சரிங்கண்ணே. ஆனா பயாஸ் ஏறுறப்ப கரண்ட் போச்சுன்னா போர்டே செத்துரும்."

"அதான் யு.பி.எஸ். இருக்கே!"

யு.பி.எஸ். ஒயரைப் பிடித்துக்கொண்டே மேஜைக்கு அடியில் தவழ்ந்தேன். எச்சில் டீ கப்புகளையும் ஒட்டடையையும் தாண்டி, அது சுவரேறி சாமி படத்தின் சீரியல் பல்பில் முடிந்தது. கம்ப்யூட்டர் நேராகச் சுவர் பிளக்கில் இருந்தது.

"சாமி வெளக்கு அணையக் கூடாதுன்னு நாந்தான் மாத்தினேன்."

"கம்ப்யூட்டர் அணைஞ்சா?"

"அத திரும்ப ஆன் பண்ணிக்கலாம்ல!"

கடைசியில் ஒரு அகலை ஏற்றி வைத்துவிட்டுத்தான் பல்பைப் பிடுங்கிவிட்டு அங்கே கம்ப்யூட்டரைச் செருக விட்டார். பயாஸ் ஏறி முடிகிறவரை, டி டிரைவுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று அந்தச் சாமியிடமே வேண்டிக்கொண்டு நின்றார்.

மெஷின் பிழைத்தது. அழிப்பதற்கு முன், பழைய சிஸ்டத்தைக் கடைசியாக ஒருமுறை திறந்தபோது எங்கள் தெருப் பூக்கார அக்கா பென்ஷன் விஷயமாக வந்தார்.

"அக்கா, ஒங்க பேப்பரையெல்லாம் இதுலேருந்து அழிச்சிரவா?"

"ஐயோ வேணாம் தம்பி! வீட்டுல தண்ணி பூந்து எல்லாம் ஊறிப்போச்சு. இங்கயே பத்திரமா கெடக்கட்டும்."

"பாத்தியா?" என்றார் முதலாளி.

நான் திரையை அக்கா பக்கம் திருப்பி, டி டிரைவைத் திறந்தேன். முதலில் வந்த ஆதாரைக் கண்டதும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இவ நம்ம மூணாவது வீட்டுக்காரி இல்ல? பொறந்த வருஷத்தப் பாரேன்! என்னைவிட சின்னவன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறா! அடுத்தது காட்டு."

அடுத்து அக்காவுடையதே வந்தது. பேங்க் புத்தகம், போட்டோ, புருஷனின் இறப்புச் சான்றிதழ். சிரிப்பு நின்றுபோனது.

"இத அவளும் பாத்திருப்பாளா?"

"இங்க வந்து உக்காருற யாரு வேணா பாக்கலாம்க்கா."

அக்கா முதலாளி பக்கம் திரும்பினார். "என்ன மொதலாளி, எம் புருஷன் செத்த பேப்பர ஊருக்கே விரிச்சு வெச்சிருக்கீங்களா?"

"பத்திரமா வெச்சிருக்கேம்மா."

"எது பத்திரம்? எனக்கு ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுத்துட்டு அழிங்க. எங்க தெருப் பொண்ணுங்களுது அத்தனையும் அழிங்க. இல்லாட்டி ஒவ்வொரு வீடாப் போய்ச் சொல்லுவேன். ஒருத்தி இந்தப் படி ஏற மாட்டா."

ஒரு தெருவே வராது என்றதும்தான் முதலாளிக்கு உறைத்தது. "எல்லாத்தையும் அழிச்சுத் தொலை" என்றார்.

அக்காவுக்குப் பிரிண்ட் கொடுத்துவிட்டு இரண்டு டிரைவையும் துடைத்தேன். புது சிஸ்டம் ஏறியது. சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். நகத்துக்குள் இருந்த கறுப்பு போகவில்லை. தங்கை நம்பரை மாற்றிவிட்டாள். ஆனால் படம் பிடித்துக்கொண்டு போனவன் போனில் இருக்கிற அவள் முகத்தை எந்தப் பட்டனும் அழிக்காது.

அடுத்து வந்தவர் ஆதாரை நீட்டினார். ஸ்கேன் செய்ததும் முதலாளி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக் கிசுகிசுத்தார்: "டி-ல போட்டு வை தம்பி. இப்பத்தான் காலியா இருக்கே."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வந்தவர் பக்கம் திரையைத் திருப்பினேன்.

"பிரிண்ட் வந்துருச்சுங்க. இப்ப இத அழிக்கிறேன், பாத்துக்குங்க."