நடுவில் நடந்தது

அப்பா எந்தக் கதையையும் முழுதாகக் கேட்டவரில்லை. கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி செய்கிற கம்பெனியில் அவருக்கு வேலை. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். பகல் ஷிப்ட் வந்தால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் இருப்பார். அடுத்த இரண்டு வாரமும் இருக்கமாட்டார். அத்தை தொடர்கதை வாசிப்பதோ வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில். ஆகவே அப்பாவின் உலகத்தில் மனிதர்கள் திடீர் திடீரென்று மாறினார்கள்.

அத்தை அப்பாவின் தங்கை. ஊத்துக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவள், வீங்கிய மணிக்கட்டோடும் ஒரு துணிப்பையோடும் கவரைப்பேட்டையிலிருந்த எங்கள் ஒற்றை அறை வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தாள். வீக்கம் வடிந்ததும் அந்தக் கையிலேயே வாரப் பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினாள். வரிசை வீடுகளின் பெண்களெல்லாம் பூண்டு உரித்துக்கொண்டே கேட்பார்கள்.

தொடர்கதையில் ஏகாம்பரம் என்று ஒருவன். குடிப்பான், பெண்டாட்டியை அடிப்பான். கேட்டவர்கள் எல்லோருக்கும் அவனை ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"இவனுக்கு ஒரு பேதி வர்லியே!" என்பாள் பக்கத்து வீட்டு அக்கா.

பேதி வரவில்லை. அவன் கொஞ்சம் கொஞ்சமாக மாறத் தொடங்கினான். கொஞ்சம் என்றால், பால் தயிராகிற கொஞ்சம்; உற்றுப் பார்த்தால் தெரியாது. ஒரு வாரம், ஓங்கிய கையை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டான். இன்னொரு வாரம் முழுக்க, தான் உதைத்து உடைத்த கதவுக்குத் தாழ்ப்பாள் பொருத்தினான். வேறொன்றும் நடக்கவில்லை.

"இன்னாடி இது, வாரம் பூரா ஆணி அடிச்சிகினே கீறான்?" என்று பெண்கள் சலித்துக்கொண்டார்கள். அத்தை மட்டும் அந்த அத்தியாயத்தை இரண்டு தடவை வாசித்தாள். சலித்துக்கொண்ட அதே அக்கா மறுநாள் காலையில் தன் புருஷனிடம், "ஏகாம்பரமே மாறிக்கினு வர்றான், நீ நாஷ்டா துன்ன தட்டையாவது கழுவுய்யா" என்று சொன்னது வரிசை முழுக்கக் கேட்டது.

அப்பா கேட்ட வாரத்தில் ஏகாம்பரம் மனைவியை அடித்தான். அவர் அடுத்துக் கேட்ட வாரத்தில் அவளுக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்தான். அப்பாவுக்குப் பெரிய சந்தோஷம்.

"பாத்தியா, திருந்திட்டான். மனுசன் அப்டித்தான். ஒரு நாள் பட்டுனு திருந்திடுவான்."

"நடுவுல நீ கேக்கலண்ணா" என்றாள் அத்தை.

அப்பாவின் சந்தோஷத்துக்குக் காரணம் இருந்தது. தான் திருந்திவிட்டதாக அத்தையின் புருஷன், எங்கள் மாமா, ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். அத்தை போய்விட்டால் இரவில் ஒரு பாய் குறையும். அப்பா காலை நீட்டிப் படுக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவே வந்தார். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, கையில் மிக்சர் பொட்டலம். அப்பா நாற்காலி போட்டார், அம்மா டீ கொடுத்தாள்.

"நான் இப்ப பழைய ஆளு இல்ல மச்சான். திருந்திட்டேன்."

அப்பா தங்கையின் பக்கம் திரும்பினார். "அதான் சொல்றாரு இல்ல. கெளம்பு."

அத்தை கதவோரம் நின்றிருந்தாள். "எப்டி திருந்துனே?" என்று மாமாவைக் கேட்டாள்.

"எப்டின்னா?"

"நடுவுல இன்னா நடந்திச்சி? சொல்லு, கேக்கறேன்."

மாமா டீயைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். "நடுவுல இன்னா... நடுவுல ஒண்ணுமில்ல. திருந்திட்டேன், அவ்ளோதான்."

"அப்ப நான் வர்ல."

கத்தவில்லை. வெள்ளிக்கிழமை வாசிக்கிற அதே குரல். சொல்லிவிட்டு உள்ளே போய் அரிசி களையத் தொடங்கினாள்.

"கதையப் படிச்சிப் படிச்சி பேஜாராப்பூட்டா மச்சான் இவ" என்றார் அப்பா. மாமா எழுந்து செருப்பைத் தேடினார். அவரை பஸ் ஏற்றிவிட்டு வரும்படி அம்மா என்னை அனுப்பினாள்.

நெடுஞ்சாலையில் கம்பி ஏற்றிய லாரிகள் போய்க்கொண்டிருந்தன. வால்போல் தொங்கிய கம்பி நுனிகள் சாலையில் உரசிப் பொறி பறந்தது. மாமா அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பாப்பா, உங்க அத்த படிக்கிதே, அது இன்னா கதை?"

"ஏகாம்பரம்னு ஒர்த்தன் மாமா. குடிப்பான், அடிப்பான். அப்பறம் கஞ்சி ஆத்திக் குடுப்பான்."

"நடுவுல?"

"நடுவுல போரு மாமா. ஆணி அடிப்பான்."

"எதுக்கு?"

"அவன் ஒதைச்ச கதவுக்கு."

நான் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. ஊத்துக்கோட்டை பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "ஏறுப்பா, ஏறு" என்றார். மாமா கையை மட்டும் அசைத்தார். விசில் ஒலித்தது, பஸ் புழுதியை எங்கள்மேல் இறைத்துவிட்டுப் போனது.

மாமா சாலையோர மதகுக் கட்டையின் மேல் உட்கார்ந்தார். பக்கத்தில் எனக்கும் இடம் விட்டார். வெள்ளைச் சட்டையில் படிந்த புழுதியை அவர் தட்டக்கூட இல்லை.

"மொதல்லேர்ந்து சொல்லு பாப்பா. எதையும் உட்டுறாத."

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். மாமாவுக்குக் கதை என்றால் இவ்வளவு உயிர் என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.