மூன்றே மூன்று பெடல்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எக்ஸ்ரே அக்கா முன்பின் தெரியாத யாராவது ஒருவர் வீட்டு வாசலில் மல்லாந்து படுத்திருப்பார். தலை காருக்கு அடியில். கால் இரண்டும் வெளியே. முதுகுக்குக் கீழே விரித்திருப்பது கணவருடைய ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் பழைய விளம்பரத் துணி. அதில் 'பெண்களுக்குத் தனிக்கவனம் செலுத்தப்படும்' என்ற வரியின் மேல் இடுப்பு சரியாக வந்து உட்காரும். வாயில் ஒரு சின்ன டார்ச். அதைக் கவ்வியபடியே உள்ளிருந்து அவர் சொல்லும் "ம்ஹும்" வெளியே நிற்கும் வண்டிக்காரருக்கு நன்றாகவே கேட்கும். பாலிஷ் போட்டு, வாசனைத் திரவியம் அடித்து, வண்டிக்கு முன்னால் மாப்பிள்ளைத் தோழன் போல நின்றுகொண்டிருந்த அந்த மனிதரின் முகம் அந்த ஒரு சத்தத்தில் தொங்கிப்போகும்.

மற்றவர்கள் பழைய கார் பார்க்கப் போனால் டயரை ஓர் உதை உதைப்பார்கள், பாட்டுப் போட்டுப் பார்ப்பார்கள், கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொள்வார்கள். அக்காவுக்கு அதெல்லாம் ஆகாது. இருபத்தெட்டு வருடமாக இரண்டு மாடி ஆஸ்பத்திரி ஒன்றின் எக்ஸ்ரே அறையில் இருப்பவர். மேல்தோலைப் பார்த்து மயங்கும் ஆள் இல்லை. "பாலிஷ் போட்டா நான்கூட அழகுதான். உள்ள என்ன இருக்குன்னு சொல்லுங்க" என்பார்.

முகம் அவருக்கு நினைவில் நிற்பதே இல்லை. கடைத்தெருவில் யாராவது நலம் விசாரித்தால் திருதிருவென்று விழிப்பார். அவர்கள் நாலு எட்டு நடந்து போனதும் பின்னாலிருந்து பார்த்து, "அட, வலது இடுப்பு!" என்று கூவுவார். மகளின் கணவரை முதல்முறை பார்த்தபோது அவர் உதிர்த்த ஒரே கருத்து, "நல்ல முதுகெலும்பு." அது பாராட்டா, பரிசோதனையா என்று மாப்பிள்ளைக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

ஐம்பத்து நாலு வயதில் இவருக்குக் கார்ப் பைத்தியம் பிடித்ததற்கு ஆஸ்பத்திரியின் மயக்க மருந்து டாக்டரம்மாதான் காரணம். ஒருநாள் மதியம் மழைக்கு ஒதுங்கி நின்ற அக்காவைத் தன் சின்ன சிவப்புக் காரில் ஏற்றிக்கொண்டார். உருவத்தில் செருப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். சிக்னல் பச்சையானதும் அந்தச் செருப்புப் பெட்டி பாய்ந்த பாய்ச்சலில் அக்காவின் மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறிவிட்டது. "முதுகுல யாரோ செல்லமா ஒரு தள்ளு தள்ளின மாதிரி இருந்துச்சு" என்று அன்று மாலை கணவரிடம் சொன்னார். சொல்லும்போதே சிரித்துவிட்டார். கணவர் சிரிக்கவில்லை.

கணவரை ஊரே 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறது. ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். மீதிப் பாதி அக்காவிடம் படம் எடுத்துக்கொண்டவர்கள். முதல் பாதியிலிருந்து இரண்டாம் பாதிக்குப் போனவர்களும் உண்டு. மாஸ்டர் அதைப் பற்றிப் பேச விரும்புவதில்லை. முப்பது வருடமாக இடப்பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பழகாத கால்கள் செய்யும் அத்தனை அக்கிரமத்தையும் பார்த்தவர் என்பதால், உலகத்தில் எவருடைய காலையும் அவர் நம்புவதில்லை. வீட்டில் இதுவரை இருந்த கார் எல்லாமே பள்ளிக்கூடத்துக் கார்தான். கூரையில் பலகை, பின்னால் எச்சரிக்கை, உள்ளே ஐந்து பெடல். ஓட்டுகிறவருக்கு மூன்று, மாஸ்டருக்கு ஒரு கிளட்ச், ஒரு பிரேக். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அதே கார்தான். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதே பலகைதான், அக்கா ஓட்டினால் பக்கத்து சீட்டில் மாஸ்டர்தான். இருபத்தாறு வருடமாக உரிமம் வைத்திருக்கும் அக்காவைப் பார்த்துப் பின்னால் வரும் லாரிக்காரர்கள், பாவம் பழகுகிறாள் போலிருக்கிறது என்று ஒதுங்கி வழிவிடுவார்கள்.

"எனக்கு மூணே மூணு பெடல் இருக்கிற வண்டி வேணும். ஆறு கியர், சின்ன வண்டி, நல்லா சீறணும்" என்று அக்கா அறிவித்தபோது, வெளியூரிலிருக்கும் மகள் தொலைபேசியில் பதறினாள். "அம்மா, அதுல சீட்டு தரையோட தரையா இருக்கும். உள்ள விழுந்தா எந்திரிக்க முடியாது." அக்கா வாதாடவில்லை. மறுநாள் வேலை நேரத்திலேயே சக ஊழியரை விட்டுத் தன் இடுப்பையும் இரண்டு முழங்காலையும் படம் எடுக்கச் சொல்லி, சமையலறை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்தார். வெளிச்சம் பட்டு எலும்பெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. காபி போட வந்த மாஸ்டர் மனைவியின் இடுப்பெலும்புக்கு எதிரே நின்று பாலைக் காய்ச்ச வேண்டியதாயிற்று. "பாருங்க, முப்பது வயசுக்காரி எலும்பு" என்றார் அக்கா. மாஸ்டர் பாலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து வண்டி பார்த்தாயிற்று. 'ஒரே உரிமையாளர், டாக்டர் ஓட்டியது' என்ற விளம்பரத்தை நம்பிப் போன இடத்தில், "எந்த டாக்டர்?" என்று கேட்டார் அக்கா. விற்கிறவர் பெயரைச் சொன்னதும் திரும்பி நடந்துவிட்டார். அந்த டாக்டர் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஆஸ்பத்திரிக் காவலாளி தோட்டத்துக்குள் குதித்து ஒளிவதை அவர் தினமும் பார்க்கிறவர். இன்னொரு வண்டியில் தரை விரிப்பைத் தூக்கினால் பாசி பிடித்திருந்தது. அக்கா குறை சொல்லாத வண்டி ஏதாவது அகப்பட்டால் மாஸ்டர் முந்திக்கொண்டார். காதைத் தீட்டி வைத்து, கண்ணை மூடி, "கிளட்ச் இன்னும் ஒரு மாசம்" என்று தீர்ப்பு எழுதினார். முப்பது வருட அனுபவத்தோடு யார் மல்லுக்கு நிற்பது?

பதினோராவது வண்டி, கறுப்பு. இரண்டே கதவு. சீட்டில் மஞ்சள் நூல் தையல். விற்கிறவர் காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துச் சேதத்தை மதிப்பிடும் அதிகாரி. ஒரு தோளில் ஒரு கைக்குழந்தை, மறு தோளில் இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே முகம். இரண்டு கதவு வண்டியில் இரண்டு குழந்தை இருக்கைகளை ஏற்றி இறக்கியே முதுகு போயிற்று என்றார். அக்கா உடனே அவர் முதுகைத்தான் பார்த்தார்.

அப்புறம் துணியை விரித்துப் படுத்தார். டார்ச் வெளிச்சம் இப்படியும் அப்படியும் ஓடி, முன்பக்கம் ஓரிடத்தில் நின்றது. "ம்ஹும்" வரவில்லை. அதைவிட மோசமான ஒன்று வந்தது: மௌனம். வெளியே வந்து, இடது முன் டயரின் உள்விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"விபத்து ஏதாவது ஆச்சுங்களா?"

"பதிவான விபத்து எதுவும் கிடையாதுங்க."

"பதிவாகாதது?"

அதிகாரி ஒரு குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அது தூங்கிக்கொண்டுதான் இருந்தது.

"முன்னாடி குறுக்குச் சட்டத்துல ஒட்டுப் போட்டிருக்கு. வண்டி இடது காலைத் தாங்கித் தாங்கி நடக்குது. டயரு உள்பக்கம் மட்டும் தேய்ஞ்சிருக்கு, பாருங்க."

மாஸ்டரின் முகத்தில் வெளிச்சம் பரவியது. "போலாமா?" என்று சாவியை எடுத்தேவிட்டார். அப்போது வீட்டுக்குள்ளிருந்து நீச்சல் குளத்தின் அக்கரைக்கும் கேட்கும் குரல் ஒன்று வந்தது. அதிகாரியின் மனைவி நீச்சல் பயிற்சியாளர். வீட்டிலும் அந்தக் குரலில்தான் பேசுகிறார்.

"இன்னும் எதுக்கு மென்னு முழுங்குறீங்க? நான்தான் இடிச்சேன்னு சொல்லுங்க!"

வாசலுக்கு வந்து அவரே சொன்னார். "பிரசவ வலி வந்தப்போ இவர்தான் ஓட்டினாரு. நான் ஒரு கத்து கத்தினேன் பாருங்க, வண்டியை ஓரம் கட்டிட்டு அப்படியே மயங்கிட்டாரு. எழுப்பிப் பார்த்தேன், எந்திரிக்கல. பக்கத்து சீட்டுக்கு உருட்டிவிட்டுட்டு நானே ஓட்டிட்டுப் போனேன்."

அதிகாரி வானத்தை ஆராய்ந்தார்.

"எத்தனை நிமிஷத்துக்கு ஒரு வலி?" என்றார் அக்கா.

"நாலு."

"கியர் மாத்தினியா?"

"வலி விட்டப்போ எல்லாம் மாத்தினேன்க்கா. வயிறு ஸ்டியரிங்ல முட்டுச்சு. சீட்டைப் பின்னாடி தள்ளினா கால் எட்டல. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஒரு கீறல் விழல. வாசல்லதான் அந்தத் தூண்." அவர் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். "என்ன மாஸ்டர், என்னைத் தெரியலையா? உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன். தூணையே பார்த்துக்கிட்டிருந்தா தூண்லதான் போய் முட்டுவேன்னு சொல்லிக் கொடுத்தீங்க. சரியாத்தான் சொல்லியிருக்கீங்க."

மாஸ்டர் சாவியை மெல்லச் சட்டைப்பைக்குள் விட்டார்.

ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம் என்று முடிவானது. குழந்தைகள் அப்பாவிடமே இருக்கட்டும், நான் வருகிறேன் என்று பயிற்சியாளர் முன்னால் ஏறிக்கொண்டார். அவர் ஏறுவதற்கு முன்பே மாஸ்டரைப் பின்னால் செலுத்த வேண்டியிருந்தது. அதற்கான வழி, முன்சீட்டை மடித்தால் உண்டாகும் ஒரு சந்து. மாஸ்டர் தலையை முதலில் விட்டார், வயிறு ஒத்துழைக்கவில்லை. காலை முதலில் விட்டார். தலை வெளியே நின்றது. கடைசியில் பயிற்சியாளர், தண்ணீருக்குப் பயப்படும் பிள்ளைகளைத் தள்ளும் பழக்கத்தில், பின்னால் கை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். மாஸ்டர் உள்ளே போய்ச் சேர்ந்தார். முழங்கால் இரண்டும் தாடைக்கு வந்துவிட்டன. முப்பது வருடத்தில் முதல்முறையாக அவர் காலடியில் மிதிப்பதற்கு ஒன்றுமே இல்லை.

தெருமுனைவரை அக்கா மெதுவாகத்தான் போனார். கிடங்குகளுக்கு நடுவே ஓடும் நீளமான காலி ரோட்டில் திரும்பியதும், இரண்டாவது, மூன்றாவது என்று கியர் ஏறியது. வண்டி முதலில் உறுமியது, பிறகு பாய்ந்தது. முதுகில் அந்தச் செல்லத் தள்ளு. பின்னாலிருந்து, "கிளட்ச்... கிளட்ச் பாரு... அங்க ஒரு சைக்கிள்..." என்று குரல் வந்துகொண்டே இருந்தது. சைக்கிள் அரை மைல் தள்ளி இருந்தது. "இன்னும் கொஞ்சம் மிதிங்கக்கா, அதுக்குப் பிடிக்கும்" என்றார் பயிற்சியாளர். அக்கா மிதித்தார். பின்சீட்டில் சத்தம் அடங்கிப்போனது.

ரோடு முடியும் இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. அக்கா அதைப் பார்த்தார், காலை மாற்றினார், அழுத்தினார். வண்டி நாய்க்குப் பத்தடி முன்னால் பதவிசாக நின்றது. நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. அக்கா மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். "என்னக்கா, பயந்துட்டீங்களா?" என்று பயிற்சியாளர் கேட்டதற்கு, இல்லை என்று தலையாட்டினார்.

வீடு திரும்பும்போது பள்ளிக்கூடத்துக் காரை அக்காதான் ஓட்டினார். வேகத்தடை ஒன்று வந்தது. வண்டி தானாகவே மட்டுப்பட்டு, ஏறி இறங்கியது. அக்கா ஓரமாக நிறுத்தினார்.

"பார்த்தீங்களா?"

"என்னத்த?"

"நான் மிதிக்கவே இல்ல."

மாஸ்டர் குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். யாரோ வைத்துவிட்டு மறந்துபோன காலைப் போல அது பிரேக்கின் மேல் கிடந்தது.

"பழக்கம்மா."

"எனக்கும் அதே பழக்கம்தான். நீங்க மிதிச்சிடுவீங்கன்னு இருபத்தாறு வருஷமா நான் மிதிக்கிறதே இல்ல. இன்னைக்கு அந்த நாய்க்குப் போட்டேன் பாருங்க, அதான் நானா போட்ட மொத பிரேக்கு."

மாஸ்டர் பதில் சொல்ல வாயெடுத்தார். அந்த ஒட்டுப் போட்ட சட்டம், தேய்ந்த டயர், இரண்டு கதவு, சந்துக்குள் நுழைந்த அவமானம் என்று சொல்வதற்கு நிறையவே இருந்தது. காலை பிரேக்கிலிருந்து எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். வண்டி மறுபடி கிளம்பியபோது, "பின்னாடி சீட்டு அவ்வளவு மோசம் இல்ல" என்றார். அது அப்பட்டமான பொய். அக்கா அந்தப் பொய்யைக் கௌரவமாக ஏற்றுக்கொண்டார்.

புதன்கிழமை அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு, சக்கரக் கோணம் பார்க்கும் கடைக்கு அந்தக் கறுப்பு வண்டியைக் கொண்டுபோனார்கள். மேடையில் ஏற்றி, நாலு சக்கரத்திலும் கருவியை மாட்டி, கடைக்காரர் திரையைக் காட்டினார். "சட்டம் நேரா இருக்குங்க. ஒட்டு சுத்தமான வேலை. கோணத்தைத் திருத்தி, முன்னாடி ரெண்டு டயரை மாத்திட்டா ஓடும்." மாஸ்டர் இன்னொரு முறை அளக்கச் சொன்னார். இன்னொரு முறையும் அதேதான் வந்தது. அக்கா திரையை ஒரு படத்தைப் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "முறிஞ்சு ஒழுங்கா சேர்ந்திருக்கு. இது போதும்" என்றார். அதிகாரியின் வீட்டுக்குத் திரும்பியதும், அவர் தானாகவே டயருக்கான தொகையை விலையில் கழித்துக்கொண்டார். அவர் மனைவி வண்டியின் கூரையை ஒருமுறை தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை வாகனப் பதிவு அலுவலகம். அங்கே மாஸ்டருக்கு வரிசையே கிடையாது. மூன்று எழுத்தர்களும் அவரிடம் கார் பழகியவர்கள். பெயர் மாற்றப் படிவத்தை வாங்கி, மேசையில் விரித்து, தன் அச்செழுத்துக் கையெழுத்தில் மளமளவென்று நிரப்பத் தொடங்கினார். வீட்டின் எல்லாப் படிவத்தையும் நிரப்புவது அவர்தான். வண்டி எண், எஞ்சின் எண், நிறம், கதவு இரண்டு. புதிய உரிமையாளர் என்ற கட்டத்தில், யோசனையே இல்லாமல், தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டார்.

அக்கா பேனாவுக்கு அடியிலிருந்து தாளை மெல்ல உருவி, நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தார். கவுன்டர் ஜன்னலுக்குப் போய்ப் புதுப் படிவம் வாங்கிவந்தார். கணவர் கையிலிருந்த பேனாவை வாங்கி, நின்றபடியே முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் எழுதி, தன் பெயரின் கீழே கையெழுத்துப் போட்டார். பிறகு தாளைத் திருப்பி மாஸ்டரின் முன்னால் நகர்த்தி, அடியில் 'சாட்சி' என்றிருந்த இடத்தில் ஒரு விரலை ஊன்றி, பேனாவை நீட்டினார்.