பலாவுக்காக மிதித்த குழி

2009ஆம் ஆண்டு அக்டோபர் 18, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணிக்கு, மரக்காணத்து உப்பளத்தை ஒட்டிய எங்கள் வரிசை வீட்டின் பின்புறம், அம்மா மண்வெட்டியால் ஒரு குழியின் ஓரத்தைப் பிளந்தபோது எழுந்த நாற்றம் இன்றும் என் மூக்கில் இருக்கிறது. அழுகிய முட்டையும் பல நாள் ஊறிய சாக்கும் கலந்த வாடை அது. முந்தைய நாள் தீபாவளி என்பதால் தேதி மறக்கவில்லை. சென்னைக்குப் போகும் ஐந்து மணிப் பேருந்து அப்போதுதான் சாலையில் ஒலியெழுப்பிக் கடந்தது என்பதால் நேரமும் மறக்கவில்லை. அம்மா கையில் தூக்கிப் பிடித்திருந்தது என் இடுப்பு உயரம் வளர்ந்து செத்துப்போன ஒரு பலாக்கன்று. அதன் வேர்கள் கறுத்து, தொட்டாலே தோல் உரிந்து வந்தன.

அந்தக் கன்று எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். அம்மா புதுச்சேரிப் பக்கத்து இரும்பை ஊர்க்காரி. செம்மண் ஊர், மழை பெய்து முடிந்த சற்று நேரத்திலேயே காலில் சேறு ஒட்டாமல் நடக்கலாம் என்று அவள் அடிக்கடி சொல்வாள். கல்யாணமாகி வந்த இடமோ களிமண்ணும் உப்பும். கிணற்றைத் தோண்டினால் வருவது ‘உப்புத் தண்ணி’. குடிக்கிற ‘நல்ல தண்ணி’க்கு அப்பா சைக்கிளில் குடத்தைக் கட்டிக்கொண்டு தெருக்கோடிக் குழாய் வரை போக வேண்டும். கை கால் வெடிப்பில் உப்பு எரிகிறபோதெல்லாம் அம்மா ஊருக்குப் போய்விடுவதாகச் சொல்வாள். முதலில் அது கோபத்தில் சொல்வதாக இருந்தது. எனக்கு ஏழு வயதான அந்த ஆண்டில் கோபமில்லாமலே சொல்லத் தொடங்கியிருந்தாள். அப்பாவுக்கு அந்த வேறுபாடு புரிந்தது என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அதன் பிறகு அவர் வீட்டில் இன்னும் குறைவாகப் பேசினார்.

ஜூன் மாதத்தில் அவள் இரும்பைக்குப் போய்த் திரும்பியபோது ஒரு பலாக்கொட்டையும் அரிசிச் சாக்கு நிறையச் செம்மண்ணும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அத்தை சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு வரிசை முழுக்கக் கேட்டது.

“இன்னாடி, உப்பளத்துல பலாப்பழம் திங்கப் போறியா? காய்ச்சா சொல்லு, உப்புக்கண்டம் போட்டுடலாம்!”

“நீ சிரி. இது நின்னா நானும் இங்கயே நிப்பேன். இல்லன்னா ரெண்டு பேரும் போறோம்” என்றாள் அம்மா. அத்தையோடு சேர்ந்து அவளும் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

மறுநாள் அவர் வேலைக்குப் போகுமுன் குழி வெட்டினார். உப்புப் பாத்தி கட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: பருவத் தொடக்கத்தில் ஈரக் களியைப் பரப்பி, வரிசையாக நின்று, குதிகாலால் அழுத்தி அழுத்தி மிதிப்பார்கள். தரை அம்மிக்கல் போல இறுகும் வரை ‘மிதி’ நிற்காது. மிதி சரியாக இருந்தால் மேலே நிறுத்திய நீர் ஒரு சொட்டும் கீழே இறங்காது, வெயில் ஒன்றுதான் அதை எடுக்க முடியும். எங்கள் அப்பாவின் மிதி அந்த அளத்திலேயே பேர் பெற்றது. அந்த மிதியைத்தான் அவர் பலாவுக்கும் போட்டார். குழியின் அடியிலும் பக்கங்களிலும் பாத்திக் களியை அப்பி, உள்ளே இறங்கி நின்று, ஒரு காலை மாற்றி ஒரு கால் வைத்து வெகுநேரம் மிதித்தார். நான் எதற்கு என்று கேட்டேன்.

“கீழருந்து உப்பு ஏறிடும் பாப்பா. நல்லா மிதிச்சிட்டா ஒண்ணும் ஏறாது. ஊத்துற நல்ல தண்ணியும் எங்கயும் போவாது.”

அவர் சொன்னதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. அதன்மேல் அம்மாவின் செம்மண்ணை நிரப்பி அவள் கையாலேயே கொட்டையை ஊன்றச் செய்தார்.

அதே வாரம் எனக்காகக் கழுவெளி ஏரியின் நன்னீர்ப் பக்கத்திலிருந்து ஓர் அல்லிக் கிழங்கைக் கொண்டுவந்தார். உடைந்த சிமெண்ட் தொட்டியின் விரிசலைக் களியால் அடைத்து, சேற்றைப் போட்டு அழுத்தி, தண்ணீரை நிறுத்தினார். அல்லி மளமளவென்று இலை விட்டது. ஆடி முடிவதற்குள் பூத்தது. பலாவும் முளைத்து, கோடை வெயில் குழியின் ஈரத்தைக் குடித்துக்கொண்டிருந்த வரை நன்றாகவே நிமிர்ந்தது. பிறகு மாலை மழைகள் தொடங்கின. கீழ் இலைகள் மஞ்சளாயின. அப்பா தாகம் என்று நினைத்தார். ஒரு குடம் ஊற்றியவர் இரண்டு குடம் ஊற்றினார். மழையில் நனைந்துகொண்டே நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிய அவரைப் பார்த்து ஸ்டெல்லா அத்தை, “யோவ், வானமே ஊத்துது, நீ வேற இன்னாத்துக்குய்யா?” என்று கேட்டதும், “அது சர்ருன்னு ஓடிப்போற தண்ணி, இது நிக்கிற தண்ணி” என்று அவர் பதில் சொன்னதும் நினைவிருக்கிறது.

இரண்டு செடிகளின் தேவைகளையும் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அல்லியின் தண்டுக்குள் நுண்ணிய குழல்கள் ஓடுகின்றன. மிதக்கும் இலை வாங்கிய காற்று அவற்றின் வழியே இறங்கி, காற்றே இல்லாத சேற்றில் கிடக்கும் கிழங்கைச் சேர்கிறது. ஆகவே நின்ற நீரும் இறுகிய சேறும் அதற்கு வீடு. பலாவுக்கு அப்படியொரு வழி கிடையாது. ஆண்டு முழுவதும் பச்சை மாறாத அந்த மரத்தின் வேர் மண்ணின் இடுக்குகளில்தான் மூச்சு விடுகிறது. நீர் வர வேண்டும், வந்தது போகவும் வேண்டும். இலக்கிய வகுப்பில் ஒவ்வொரு திணைக்கும் உரிய பூவையும் மரத்தையும் மனப்பாடம் செய்தபோது, ஒரு நிலத்து மரத்தை மற்றொரு நிலத்தில் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அந்த மாலை அம்மா குழியின் அடியை மண்வெட்டியால் தட்டினாள். ‘டொக்’ என்று சத்தம் வந்தது. மேலே கறுத்த நீர் தேங்கியிருந்தது. அதை வழித்துவிட்டுப் பார்த்தபோது, களியில் அப்பாவின் குதிகால் தடங்கள் வரிசையாக, கலையாமல் பதிந்திருந்தன. அவள் வெகுநேரம் அவற்றையே பார்த்தாள்.

“இன்னாய்யா பண்ணி வச்சிருக்க?”

“போயிடக் கூடாதுன்னுதான்…” என்றார் அப்பா.

தண்ணீரைத்தான் சொன்னாரா என்று அம்மா கேட்கவில்லை. “ஒனக்குத் தெரிஞ்சத நீ செஞ்ச. ஒன்ன இன்னா சொல்றது” என்றாள். குரலில் சண்டை இல்லை. சண்டை இருந்திருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அன்றிரவு அவள் என் பள்ளிச் சீருடையைத் தனியாக மடித்துப் பையில் வைத்தாள்.

அம்மா இப்போது இரும்பைக்கு அருகே ஒரு விடுதிச் சமையலறையில் வேலை செய்கிறாள். அப்பா இன்னும் உப்பளத்தில்தான் இருக்கிறார். இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை. அவர் சாப்பிட்டாரா, அவளுக்குக் கால்வலி எப்படி என்று என் மூலமாகக் கேட்டுக்கொள்கிறார்கள். வரிசை வீடுகளை இடித்துவிட்டார்கள். சாலையை அகலப்படுத்தியபோது குழி இருந்த இடமும் தொட்டி இருந்த இடமும் தாருக்கு அடியில் போய்விட்டன. ஸ்டெல்லா அத்தை எங்கே குடிபோனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. புதுச்சேரிக்குப் பேருந்தில் போகிறபோது அந்த இடத்தை என்னால் உறுதியாகக் காட்ட முடிவதில்லை.

அம்மா என் சீருடையை மடித்து வைத்த அந்த இரவுக்கு மறுநாள் காலை நான் கண்விழித்தபோது பின்புறத்தில் கடப்பாரைச் சத்தம் கேட்டது. தூறலில் அப்பா குழிக்குள் நின்று அடியை உடைத்துக்கொண்டிருந்தார். களி லேசில் விட்டுக்கொடுக்கவில்லை, அவரே மிதித்தது. பையோடு பின்வாசலுக்கு வந்த அம்மா, “வுடுய்யா. பஸ்ஸுக்கு நேரமாவுது” என்றாள். அவர் நிறுத்தவில்லை. நான் குழிக்குள் இறங்கி, அவர் பெயர்த்த கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டேன். அம்மா மறுபடியும் கூப்பிட்டபோது ஏறி, கை கழுவாமல், அவளோடு போனேன்.