ஒரு ட்யூப் ஜெல்லுக்காகப் பம்மல் வரை

சனிக்கிழமை காலை பத்தரை மணி. கிழக்குத் தாம்பரத்தில் மகளிர் மருத்துவரின் அறையிலிருந்து சீட்டோடு வெளியே வந்தேன். எனக்கு ஐம்பது வயது. மாதவிடாய் நின்று ஒரு வருஷம். இரவில் நாலைந்து முறை உடல் கொதித்து, வேர்வையில் நனைந்து விழிக்கிறேன். அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. போன மாதம், தூக்கமில்லாத கண்ணோடு, ஒரு கல்யாணப் பத்திரிகையில் தேதியும் கிழமையும் பொருந்தாததைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். இன்னொரு முறை நடந்தால் வேறு ஆள் பார்ப்பதாக முதலாளி சொல்லியிருக்கிறார்.

மார்பு, கர்ப்பப்பை சோதனைகளைப் பார்த்துவிட்டுத்தான் மருத்துவர் ஹார்மோன் எழுதினார். "மாத்திரை இருக்கு, ஜெல் இருக்கு. தோல்ல ஒட்டிக்கற பேட்ச் இங்க கிடைக்கறது அபூர்வம். உங்களுக்கு பி.பி. இருக்கு, அதனால கையில தடவுற ஜெல்தான். கர்ப்பப்பையைப் பாதுகாக்க ராத்திரி ஒரு மாத்திரையும் போடணும். ஜெல்லுக்குக் கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும்."

தாம்பரம் ரயில் நிலையத்தை ஒட்டிய இரண்டு கடைகளில் இல்லை. ஐந்து ரூபாய் டிக்கெட்டில் குரோம்பேட்டை. அங்கே ஒரு கடையில் இரவு மாத்திரை கிடைத்தது. ஜெல்லையும் கேட்டேன்.

"ஜெல்லுன்னா மூட்டு வலிக்கா மேடம்?"

சீட்டைக் காட்டினேன்.

"இத வரவழைச்சு வெச்சுட்டு, நீங்க வரலைன்னா நான் யாருக்கு விக்கிறது? பம்மல்ல குழந்தையில்லாதவங்களுக்குப் பாக்குற ஆஸ்பத்திரி இருக்கு. அதும்பக்கத்துக் கடையில கேளுங்க."

ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். "இன்னாக்கா, மருந்துக்கா பம்மல் போறே? நம்ம ஏரியாவுல டீக்கடைய விட மெடிக்கல்தானே ஜாஸ்தி கீது?" இடப்பக்கம் தூரத்தில் திருநீர்மலைக் குன்று தெரிந்து மறைந்தது.

பம்மல் கடையில் பன்னிரண்டரைக்கும் நல்ல கூட்டம். இளம் மனைவிகள், கணவர்கள், மாமியார்கள்.

"பொண்ணுக்கா, மருமகளுக்கா?" என்றார் கடைக்காரர்.

"எனக்கு."

சீட்டிலிருந்த வயதைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். "இது குழந்தைக்குத்தானே மேடம் வாங்குவாங்க?"

"எனக்கு ரெண்டும் காலேஜ் முடிச்சாச்சுங்க. நான் ராத்திரி வேர்க்காம தூங்கறதுக்கு வாங்கறேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அறுநூற்றுச் சொச்சம் கொடுத்து ட்யூபைப் பையில் வைத்தேன். அதே ஜெல்லுக்கு நின்ற பர்தா அணிந்த பெண் என் கையைத் தொட்டாள்.

"ஆன்ட்டி, ராத்திரி வேர்த்து எழுந்துக்கறதுக்கா இது? எங்கம்மா மொட்டை மாடியில போயி உக்காந்துக்கறாங்க. வயசாச்சு, அப்படித்தான்னு விட்டுட்டோம். இதுக்கு மருந்தெல்லாம் இருக்கா?"

"இருக்கும்மா. ஆனா எல்லாருக்கும் ஒத்துக்காது. டாக்டர் பாத்துதான் சொல்லணும்."

"எந்த டாக்டர்? எப்படிப் போகணும்?"

வந்த வழியைத் திருப்பிச் சொன்னேன்: பம்மலிலிருந்து ஆட்டோ, குரோம்பேட்டையில் ரயில், தாம்பரத்தில் இறங்கிக் கிழக்குப் பக்கப் படிகள். அவள் ஃபோனில் பதிவு செய்துகொண்டாள்.

இரண்டு மணிக்கு அஸ்தினாபுரத்தில் வீடு திரும்பினேன். எங்கள் தெருவைச் சுற்றி நான்கு மருந்துக் கடைகள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் முகத்தைப் பார்த்தே மாத்திரையை எடுத்து வைப்பார்கள். என் ட்யூப் ஒரு மாதம் வரும். மறுபடி பம்மல் போகவேண்டிய தேதியை நாட்காட்டியில் குறித்தேன். கிழமையையும் இரண்டு முறை சரிபார்த்தேன்.