பாதிப் பாட்டில் பொன்னாடை

என் தாய்மாமாவுக்கு ராமநாதபுரத்தில் சபை நடுவே பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவர் என்னைப் பெற்ற அய்யா. ஊரில் இன்றைக்கும் அதைப் பெருமையாகச் சொல்லுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே வாய் கசக்கும்.

மதுரைக்குக் கல்லூரி படிக்கப் போன மாமா, படிப்போடு ஒரு கிதாரையும் மூன்று சேக்காளிகளையும் சேர்த்துக்கொண்டு வந்தார். அவர்கள் வாசித்தது மேல்நாட்டு ராக் இசை. அதிலும் ஒரே பாட்டு அரை மணி நேரம் ஓடுகிற, தாளம் நடுவழியில் மாறிக்கொண்டே போகிற வகை. மாமா சொந்தமாகவே ஒன்று கட்டியிருந்தார். முதல் பாதி முழுக்க எங்கள் முதுகுளத்தூர்ப் பக்கத்துக் காய்ந்த கண்மாய். பிறகு எல்லா வாத்தியமும் நின்றுவிடும். அதற்குப் பிறகுதான் மழை.

மெட்ராசுக்குப் போய் இதையே பிழைப்பாக்க வேண்டும் என்பது மாமாவின் ஆசை. கமுதியில் எங்கள் மிளகாய்க் கமிஷன் கடையில் அவரை உட்கார வைக்க வேண்டும் என்பது அய்யாவின் ஆசை. நம்பிக்கையான ஆள், அதுவும் சம்பளம் கேட்காத மைத்துனன், லேசில் கிடைப்பானா? தகப்பன் இல்லாத மாமாவுக்கு அய்யா சொல்தான் கடைசிச் சொல். ஒரு மதியம் சாப்பாட்டில் இருவருக்கும் பேச்சு முடிந்தது.

"நம்ம சனத்துக்கு முன்னால ஒருக்கா வாசி மாப்பிள்ள. முழுசாக் கேட்டுட்டு நல்லாருக்குன்னாகன்னா நீ மெட்ராசுக்குப் போ. இல்லைன்னா கடைக்கு வந்துரு" என்றார் அய்யா.

"சரி மச்சான். ஒண்ணே ஒண்ணு. நடுவுல நிப்பாட்டுவோம். முடிஞ்சிருச்சுன்னு யாரும் எந்திரிச்சுறக் கூடாது. அங்கனதான் பாட்டே இருக்கு."

அய்யா ரசத்தை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டினார். பக்கத்தில் அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்த எனக்கே அது மனதில் பதிந்துவிட்டது.

ராமநாதபுரத்தில் அய்யா உறுப்பினராக இருந்த மனமகிழ் மன்றத்தில் ஒரு ஞாயிறு சாயங்காலம் ஏற்பாடானது. சின்னக் கூடம். சீட்டாட்ட மேசைகளை ஓரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். வக்கீல்கள், மண்டிக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள். ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே சினிமாப் பாட்டு கேட்டுத் துண்டுச்சீட்டு போனது. மாமா அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தன் போக்கில் வாசித்தார். முன்வரிசையில் ஒருவர் காதைப் பொத்தினார்.

போகப் போகக் கூடம் அடங்கியது. தண்ணீர் தேடுகிற ஆடு மாதிரி கிதார் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. காதைப் பொத்தியவர் கையை எடுத்துவிட்டார். பின்னாலிருந்து ஒரு வக்கீல், "என்னமோ இருக்குய்யா பயகிட்ட" என்றார். அய்யா திரும்பி அவரைப் பார்த்தார்.

வாத்தியங்கள் நின்றன. யாரும் அசையவில்லை. மாமா கண்ணை மூடியிருந்தார். நான் மழைக்குக் காத்திருந்தேன்.

அய்யா எழுந்தார். மஞ்சள் பையிலிருந்து பொன்னாடையை எடுத்து உதறிக்கொண்டு போய் மாமாவின் தோளில், கிதாரோடு சேர்த்துப் போர்த்தினார். அக்காள் புருஷன் செய்கிற மரியாதையைச் சபையில் தட்டிவிட எங்கள் பக்கத்தில் எவனுக்கும் துணிச்சல் கிடையாது. "மச்சான், இன்னும்..." என்று மாமா ஆரம்பிக்க, அய்யா அவரை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார். கைதட்டல் எழுந்தது. மன்றத்துச் செயலாளர் மைக்கைப் பிடித்து நன்றி சொன்னார். காபி வந்தது, எல்லோரும் எழுந்தார்கள். சீட்டு மேசைகள் பழைய இடத்துக்குத் திரும்பின. தம்பிக்குக் கிடைத்த மரியாதையைப் பார்த்து அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாசலில் மாமா அய்யாவின் முன்னால் வந்து நின்றார்.

"அரைப் பாட்டுலயே காபிக்கு எந்திரிச்சுட்டாக மாப்பிள்ள. முழுசாக் கேக்கலயே" என்றார் அய்யா, வருத்தமான குரலில். "பேசுனது பேசுனதுதான்."

மாமா பொன்னாடையை மடித்து அம்மாவிடம் கொடுத்தார். அடுத்த வாரமே கடையில் உட்கார்ந்தார். மிளகாய் நெடியில் இருமி இருமி அங்கேயே அவருக்குத் தலை நரைத்தது. அந்த மழையை நான் கேட்கவே இல்லை.

அன்று பஸ்ஸில் அய்யாவின் மடியில் சாய்ந்துகொண்டு, "நடுவுல எந்திரிக்கக் கூடாதுன்னு மாமா சொன்னாகளே" என்று கேட்டேன்.

"மறந்து போச்சுத்தா" என்று என் தலையைத் தடவினார்.

பாவம், அய்யாவுக்கு மறதி என்று நினைத்துக்கொண்டேன். போன வருஷம் எடை கூட்ட ஈர மிளகாய் கொண்டுவந்து தள்ளியவனை இந்த வருஷம் தெருமுனையிலேயே அடையாளம் கண்டு திருப்பி அனுப்புகிறவர் அவர். அதுவும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் அந்த வயதில் தெரியவில்லை.