கிழங்குக்கு வைத்த ஊர்ப்பேர்

புருஷன் பேரை வாயால் சொல்லக்கூடாது என்பார்கள். நான் சொல்லாமல் இருந்ததால் என் புருஷன் ஆயுசு ஒன்றும் நீண்டுவிடவில்லை. அவர் பேர் தம்பிராஜா. கப்பலில் சமையல்காரர். மலாக்காவில் காஜா பெராங்கில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட வீட்டில் என்னைக் குடிவைத்துவிட்டு ரங்கூன், சைகோன், கொழும்பு, ஏடன் என்று சுற்றிக்கொண்டிருந்தார்.

மற்ற கப்பல்காரன் பெண்டாட்டிக்குச் சேலை வாங்கிவருவான். இவர் சாப்பாட்டைக் கொண்டுவருவார். எந்த ஊரில் இறங்கினாலும் அங்கே பொம்பளைகள் வீட்டில் என்ன ஆக்குகிறார்கள் என்றுதான் விசாரிப்பார். எப்படித்தான் அடி வாங்காமல் வந்தாரோ.

ஒரு தடவை ரங்கூனிலிருந்து ஒரு டப்பா கொண்டுவந்தார். திறந்ததும் பெருச்சாளி செத்த நாற்றம். நான் திட்டிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிவகாமசுந்தரி அக்கா மோந்துகொண்டே ஓடிவந்தது. அக்கா மலாக்கா செட்டி. சாமி நம் சாமி, பேர் நம் பேர், பேச்சு மட்டும் மலாய்.

"ஈனி பெலாச்சான் லா!" என்றது. இறாலை உப்புப் போட்டு இடித்துக் காயவைப்பார்களே, அது.

"ரங்கூன்ல ஙாப்பின்னு சொல்றான். நாத்தம் ஒண்ணு, பேருதான் ரெண்டு" என்று இவர் சிரித்தார்.

நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அங்கே தமிழ்தான். கல்யாணமாகி வந்த புதிதில் அக்கா வேலியருகே நின்று, "மாசாக் அப்பா?" என்று கேட்டது. என்ன சமையல் என்று கேட்டிருக்கிறது. எனக்கு என்ன தெரியும்?

"எங்கப்பா சமைக்க மாட்டாரு, எங்காத்தாதான் ஆக்கும்" என்றேன்.

இவர் அதைக் கப்பல் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அப்புறம் எப்போது வீட்டுக்குள் நுழைந்தாலும், "மாசாக் அப்பா, பொன்னம்மா?" என்றுதான் நுழைவார்.

ஜப்பான்காரன் வந்தான். கப்பல் நின்றது, அரிசியும் நின்றது. வாசலிலும் கொல்லையிலும் மரவள்ளிதான். காலையிலும் கிழங்கு, ராத்திரியிலும் கிழங்கு. இவர் அதில் செரை என்கிற வாசனைப் புல்லைத் தட்டிப் போடுவார், கருவாட்டுத் தலையைச் சுட்டுப் போடுவார், ஒவ்வொரு நாளும் ஓர் ஊர்ப்பேர் வைப்பார்.

"இன்னிக்கி என்னா ஊரு?" என்பேன்.

"சைகோன். பேசாம தின்னு."

"நேத்து ரங்கூனும் இதே மாதிரிதான இருந்துச்சு."

"ஒனக்கு நாக்கு நீளமா இருக்கு, ருசிதான் இல்ல."

அப்புறம் கங்காணி அப்பாசாமி வந்தான். ஜப்பான்காரன் கொடுத்த தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான்.

"சயாமுல ரயில் ரோடு போடறாங்க. ஆளுங்களுக்கு ஆக்கிப்போட ஒருத்தன் வேணும். மூணு மாசந்தான். அங்க அரிசி மலையா கெடக்குதாம்."

இவர் முகத்தைப் பார்த்தேன்.

"சயாம் ஒண்ணுதான் எங்கப்பல் போகாத ஊரு" என்றார்.

"ஒங்க நாக்கை அறுத்து அடுப்புல போட! போனவன் எவன் திரும்பி வந்தான்?"

"போகலன்னா லாரில அள்ளிக்கிட்டுப் போவான். நானா போனா கையில கரண்டியாச்சும் இருக்கும். சயாம் சாப்பாடு ஒண்ணு கத்துக்கிட்டு வந்து ஒனக்கு ஆக்கிப்போடறேன்."

கரண்டியை இடுப்பில் சொருகிக்கொண்டு போனார்.

மூன்று மாசம் போனது. ஆள் வரவில்லை. போகி வந்தது. அன்றைக்குச் செட்டிமார் வீட்டில் செத்தவர்களுக்கு இலை விரித்து, அவரவருக்குப் பிடித்ததை ஆக்கி வைப்பார்கள். பார்ச்சு என்பார்கள், நம் படையல்தான். அரிசியில்லாத காலத்திலும் அக்கா இருந்ததை வைத்து இலை போட்டது. கையில் ஓர் இலையோடு வேலிக்கு வந்து, இவருக்கும் போடட்டுமா என்று சாடை காட்டியது.

"ஒங்கையில புண்ணு வர! எம்புருசன் சோறு ஆக்கப் போயிருக்காரு, சாகவா போயிருக்காரு?"

தமிழ் புரியாவிட்டாலும் அது புரிந்தது. இலையைச் சுருட்டிக்கொண்டு போனது. அடுத்த போகிக்கு அக்கா கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சண்டை முடிந்து ஜப்பான்காரன் போன பிறகு, பக்கத்து ஊர்க் கிளேபாங் நல்லையா சயாமிலிருந்து வந்தான். இவரோடு ஒரே லாரியில் போனவன். காலெல்லாம் புண். உட்காரவைத்தேன். அவர் எங்கே என்று கேட்காமல் வேறொன்றைக் கேட்டேன்.

"அங்க என்னா தின்னீங்க?"

"புழுத்த அரிசிக் கஞ்சி அண்ணி. அண்ணன் ஊத்துறப்ப தெனமும் இன்னிக்கி கொழும்பு, இன்னிக்கி ஏடன்னு சொல்லிக்கிட்டேதான் ஊத்தும். சிரிச்சிக்கிட்டே குடிச்சிருவோம். ஒருநா ஒருத்தன், அண்ணே இன்னிக்கி சயாம் ஊத்துண்ணேன்னான். அண்ணன் கரண்டிய வெச்சிட்டு, 'அது எனக்குத் தெரியாதுடா'ன்னுச்சு."

"சயாம்ல இருந்துக்கிட்டா?"

"வேலை செய்ற எடத்த விட்டு எங்க போறது? ஆத்துக்கு அந்தாண்ட சயாம்காரி அடுப்பு மூட்டுவா. இங்க வாசம் மட்டும் வரும். 'புளி போடறாடா, என்னமோ ஒரு எலை போடறா, என்னா எலைன்னுதான் தெரியல'ன்னு அண்ணன் நின்னு மோந்துக்கிட்டே இருக்கும்."

அவன் காலில் உட்கார்ந்த ஈயை ஓட்டிக்கொண்டிருந்தான்.

"சொல்லித் தொலை."

"வாந்திபேதி அண்ணி. ரெண்டே நாளு."

"பொதைச்சீங்களா, எரிச்சீங்களா?"

"எல்லாரையும் ஒண்ணா போட்டு எரிச்சாங்க."

அவனுக்குக் கிழங்கு வைத்தேன். தின்றான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து வந்த போகிக்கு நானே வேலி தாண்டிப் போய் இலை கேட்டேன். அக்கா தன் வீட்டு இலைகளுக்குப் பக்கத்தில் ஓர் இலையை விரித்தது.

"டியா சூக்கா அப்பா?"

அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்கிறது. இப்போது எனக்கு மலாய் நன்றாகப் புரியும். அந்த மனுஷனுக்கு எது பிடிக்காது? எந்த ஊரை வைப்பது?

வீட்டுக்கு வந்து மரவள்ளியை அவித்தேன். பெலாச்சானைச் சுட்டு, புளி கரைத்து ஊற்றினேன். கொல்லையில் கைக்கு வந்த ஓர் இலையைக் கிள்ளிப் போட்டேன். என்ன இலை என்று பார்க்கவில்லை. கொண்டுபோய் வைத்தேன்.

"இன்னிக்கி சயாம்" என்றேன். "பேசாம தின்னுங்க."