கோயில் வளைவில் இரண்டு கை

வண்டியில் ஏறுவதற்கு முன் மாக்வாலா பனியிடம் பேச்சுக் கொடுப்பார். வலது பூட்ஸின் குதிகாலைப் பனியில் ஊன்றி, சிகரெட்டை நசுக்குவதுபோல் அரைவட்டம் திருப்புவார். கம்பளித் தொப்பியைத் தூக்கி ஒரு காதை வெளியே விட்டுக் கேட்பார். பனி கிறீச்சிட்டால் முகம் மலர்ந்துவிடும். "நல்லா திட்டுது. இன்னிக்கு டயரைப் பிடிச்சுக்கும்." சத்தமில்லாமல் அமுங்கினால் உதட்டைப் பிதுக்குவார். "பேச மாட்டேங்குது பாரு. இந்த மாதிரி நாள்லதான் கழுத்தறுக்கும்." கடுங்குளிரில் பனி காய்ந்து கரகரவென்று கிடக்கும். குளிர் சற்று இளகிய நாளில்தான் அதன்மேல் ஈரம் படர்ந்து சோப்பாகும். வெயிலடிக்கும் இதமான நாளாகப் பார்த்துக் கிளம்பும் வெளியூர்க்காரர்களை அவர் அனுதாபத்தோடு பார்ப்பார். பார்த்துவிட்டு, தன் வண்டியில் இழுவைக் கயிறு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வார்.

ஸ்வானேத்தி மலையில், மெஸ்தியா சந்தைத் திடலுக்கும் மேலே லாஹ்ரி என்ற கிராமத்துக்கும் இடையே ஓடுகிறது அவருடைய டெலிகா வேன். ஜப்பானில் ஓடி முடித்து வந்தது. ஸ்டீரிங் வலப்பக்கம், உயரமான உடம்பு, ஒரு கதவு மட்டும் வேறு நிறம். மாக்வாலா ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. தோள்கள் அகலமானவை, சிரிப்பு அதைவிட அகலம். எதிரே வரும் வண்டிக்காரருக்கு அவர் கையசைப்பதில்லை. ஸ்டீரிங்கைப் பிடித்த பிடி பிடித்தபடி இருக்க, சுட்டுவிரல் மட்டும் எழுந்து தாழும். அவ்வளவுதான் வணக்கம். பாதிரியாருக்கும் அதே விரல்தான், பன்றி ஏற்றி வருபவருக்கும் அதே விரல்தான்.

வண்டிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவரை நிறுத்த முடியாது. மெஸ்தியா திடலில் ஆண்கள் எந்த வண்டி உசத்தி என்று பிறந்த வீட்டுப் பெருமைபோலச் சண்டை போடுவார்கள். மாக்வாலாவுக்கு எல்லா வண்டியும் ஆட்கள்தான்.

"அந்தக் குட்டி ஜீப், நீவா இருக்கே, அது ஆடு. சின்ன உடம்பு, நாலு காலும் எப்பவும் வேலை செய்யும். சுவத்துல கூட ஏறும். ஆனா பனிக்கட்டில பின்னால யாராவது கூப்பிட்டா போதும், பொசுக்குன்னு முழுசா திரும்பிப் பாத்துரும்."

ராணுவக் காலத்து ஊவாஸ் ஜீப்பைப் பற்றி: "அது எருமை. குச்சியை இழுத்து முன் சக்கரத்தையும் சேத்துவிட்டா எந்தக் குவியலையும் முட்டித் தள்ளிட்டுப் போகும். ஆனா நேரா போறதுன்னு முடிவு பண்ணிருச்சுன்னா, நீ ஸ்டீரிங்கை எங்க திருப்பினாலும் அதுக்குக் கவலை இல்ல."

தன் டெலிகாவையும் அவர் விடுவதில்லை. "இவன் நிறைய குடிச்ச விருந்தாளி. கனமெல்லாம் தலையில. தோள்ல கை போட்டு மெதுவா கூட்டிட்டுப் போனா வீடு வந்து சேருவான். அவசரப்படுத்தினா அங்கயே படுத்துருவான்."

நகரத்திலிருந்து வரும் பளபளப்பான கார்களுக்கு, முன் சக்கரம் வழுக்கிய பிறகுதான் பின் சக்கரம் உதவிக்கு வரும். "என் வீட்டுக்காரரேதான்! நான் விழுந்து, கத்தி, ஊரே கூடின பிறகு, உள்ள இருந்து 'என்னம்மா சத்தம்?'னு எழுந்து வருவார் பாரு."

வீட்டுக்காரர் ஓத்தாருக்கு இதில் கோபம் கிடையாது. பள்ளத்தாக்கை எட்டிப் பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றும். வீட்டிலிருந்து, மாட்டிறைச்சியும் மலை உப்பும் அடைத்த குப்தாரி ரொட்டி சுட்டு, சூடு ஆறாமல் துணியில் சுற்றி மாக்வாலாவிடம் கொடுத்தனுப்புவார். "அவ ஓட்டுறா, நான் ஊட்டுறேன். இதுல யாருக்கு என்ன நஷ்டம்?" என்பது அவர் கட்சி.

நஷ்டம் யாருக்கென்று போன குளிர்காலம் வரை ஊர் ஒரு கணக்கு வைத்திருந்தது. கோடையில் சுற்றுலாக்காரர்களை மாக்வாலா ஏற்றலாம். முதல் பனி தரையில் தங்கிவிட்டால், லாஹ்ரிப் பாதை ஆண்களுடையது. லாஹ்ரிக்கு மாவும் மருந்தும் ஏறுவது, பிரசவக்காரி இறங்குவது எல்லாம் அந்த ஓட்டத்தில்தான். மாக்வாலாவின் வேன் ஐந்து மாதம் பனிமூட்டையாய் வாசலில் நிற்கும். காரணம், வழியில் இருக்கும் கோயில் வளைவு. அங்கே புனித ஜார்ஜுக்கு ஒரு கற்கோயில் உண்டு. வருடா வருடம் குளிர்காலத்தில் அந்த வளைவில் ஒன்றிரண்டு வண்டியாவது பள்ளத்தில் இறங்கும். புனிதருக்கு ஏதோ குறை என்று ஆட்டுக்கடா வெட்டினார்கள், அராக்கிச் சாராயம் ஊற்றினார்கள். குறை தீரவில்லை. ஆண் ஓட்டும்போதே இந்தக் கோபம் என்றால், பெண் ஓட்டினால்?

இதே பெண்கள்தான் அந்தப் பாதையில் மண்வெட்டியால் பனி அள்ளுகிறார்கள். முதுகில் வைக்கோல் கட்டிக்கொண்டு அதே வளைவைக் கடக்கிறார்கள். புனிதர் அப்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்கிறார். ஸ்டீரிங் என்கிற வட்டத்தைத் தொடும்போது மட்டும் அவருக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எந்த ஊரிலும் சாமிகளின் கோபம் ஆண்களின் வசதியை மீறிப் போனதாகச் செய்தி இல்லை.

போன ஜனவரியில் மாக்வாலா அந்த வளைவில் பயணியாகவே பள்ளத்தில் இறங்கினார். ஓட்டியவர் பிமுர்ஸா. அறுபது வயது, திடலில் அவர் வைத்ததுதான் சட்டம். அவருடைய ஊவாஸ் கோயில் வளைவில் திரும்ப மறுத்து, மலைப்பக்கப் பள்ளத்தில் மூக்கைக் குத்தி நின்றது. நல்லவேளையாக ஆறு மறுபக்கம். புனிதரின் கருணை என்றார் பிமுர்ஸா. ரோடு போட்டவரின் கருணை என்றார் மாக்வாலா. யாருக்கும் அடியில்லை. ஆண்கள் கோயிலைப் பார்த்து அராக்கி ஊற்றிக்கொண்டிருக்க, இவர் பனியில் உட்கார்ந்து தடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளத்தை நோக்கி வேறு தடங்களும் போயிருந்தன. நீவாவின் குறுகிய தடம் வட்டம் போட்டிருந்தது. ஏதோ ஒரு வேன் பக்கவாட்டில் இழுபட்டுப் போயிருந்தது. ஆனால் எல்லாத் தடமும் பாதையைவிட்டு விலகத் தொடங்கியது ஒரே இடத்தில். மாக்வாலா எழுந்து அந்த இடத்துக்கு நடந்தார். அங்கே நின்று நிமிர்ந்தார். இரண்டு ஊசியிலை மரங்களின் நடுவே கோயில் கூரையும் அதன்மேல் சிலுவையும் முதன்முதலாகத் தெரிந்தன.

கோயில் தெரிந்தால் மூன்று முறை சிலுவைக் குறி போட வேண்டும். ஸ்வானேத்தியில் கைக்குழந்தைகூட அதைத் தவறவிடாது. ஓட்டுநரும் தவறவிடமாட்டார். மரியாதைக்கு பிரேக்கை லேசாகத் தொடுவார். தலை குனியும். வலது கை நெற்றிக்கும் வயிற்றுக்கும் தோள்களுக்கும் மூன்று சுற்றுப் போய் வரும். அதற்குள், ஒற்றைக் கையில் இருக்கும் வண்டி, பனிக்கட்டியின் மேல், தன் இஷ்டத்துக்கு ஒரு வாழ்க்கையைத் தொடங்கிவிடும்.

மாக்வாலா பனியில் மறுபடி உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "தலையில அடிபட்டிருக்கும் போல," என்றார் பிமுர்ஸா கவலையோடு.

மறுநாள் திடலில் மாக்வாலா விஷயத்தைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

"ஏம்மா, புனிதரையே குத்தம் சொல்றியா?"

"புனிதரைச் சொல்லல பிமுர்ஸா அண்ணே. உங்க வலது கையைச் சொல்றேன்."

"நாலு சக்கரமும் இழுக்குற வண்டி எங்களுது. ஒத்தக் கையால ஓட்டுவோம்."

"நாலு சக்கரம் இழுக்குறது போறதுக்கு அண்ணே. நிக்கிறதுக்கும் திரும்புறதுக்கும் இல்ல. அந்த நேரத்துல எல்லா வண்டியும் ஒண்ணுதான், உங்க எருமையும் எங்க குடிகாரனும்."

"அப்ப நீ ஓட்டிக் காட்டு. சிலுவை போடாம போ. பள்ளத்துல இறங்கினா, இனி குளிர்காலப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"இறங்கலேன்னா?"

பிமுர்ஸா இதை யோசித்திருக்கவில்லை. "இறங்கலேன்னா... ஓட்டு. வாரத்துல ரெண்டு நாள் உனக்கு."

"எந்த வண்டியில?"

"எல்லாத்துலயும்!" என்று கத்தினார் நீவாக்கார குராம், கூட்டத்தின் பின்னாலிருந்து. சாவியையும் தூக்கி எறிந்தார்.

தேதியை அவர்கள்தான் குறித்தார்கள். குதிகாலை வைத்ததும் மாக்வாலாவுக்குப் புரிந்துவிட்டது: பனி பேசவில்லை. பொறுக்கி எடுத்த நாள். பிமுர்ஸா வானத்தைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டிருந்தார்.

சாட்சிக்குப் பாதிரியார் இலரியோன் வந்தார். இளைஞர், ஒல்லி. அவருடைய காரும் அந்தப் பள்ளத்தைத் தரிசித்ததுண்டு. அதைப் பற்றி அவர் பிரசங்கம் செய்வதில்லை. ஊவாஸில் மாக்வாலாவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்ததும் தொண்டையைச் செருமினார்.

"அக்கா, நீங்க கும்பிடாம போறதை நான் பாத்துட்டு சும்மா இருக்க முடியாது."

"நான் கையை எடுக்க முடியாது சாமி."

பாதிரியார் அங்கிக் கையை மேலே ஏற்றிக்கொண்டார். "அப்ப நான் ரெண்டு பேருக்கும் சேத்துப் போட்டுக்கறேன்."

"இவ்வளவு நாளா இது யாருக்கும் தோணல பாருங்க!" என்று வண்டியைக் கிளப்பினார் மாக்வாலா.

ஊவாஸ் எருமையை வளைவுக்கு வெகு முன்னாலேயே கீழ்க் கியரில் அடக்கி, ஆமைபோல நகர்த்தினார். அது முனகியது, ஆனால் திரும்பியது. நீவாவில் ஆக்ஸிலேட்டரைத் துளிகூட விடாமல், கூட்டாமல், ஆட்டைப் பின்னால் பார்க்கவிடாமல் கொண்டுபோனார்.

கடைசியில் அவருடைய சொந்த வண்டி. இரண்டு முறை ஓடியதில் வளைவு கண்ணாடியாகியிருந்தது. மரங்களுக்கிடையே கூரை தெரிந்த கணத்தில் டெலிகாவின் பின்பக்கம் மெல்ல, மிக மரியாதையாக, விலக ஆரம்பித்தது. பாதிரியாரின் கை பாதிவழியில் நின்று, கதவுக்கு மேலிருந்த பிடியைப் பற்றிக்கொண்டது.

"சாமி! பிடியை விடுங்க! அது உங்க வேலை, இது என் வேலை!"

பாதிரியார் கண்ணை மூடிக்கொண்டு போட்டார், தனக்கு மூன்று, அவருக்கு மூன்று. மாக்வாலா பிரேக்கைத் தொடவில்லை. வண்டி வழுக்கிய பக்கமே ஸ்டீரிங்கைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார். குடிகார விருந்தாளி அவர் தோளில் சாய்ந்தார், தள்ளாடினார், பெருமூச்சு விட்டார், நிமிர்ந்தார். பள்ளத்தின் விளிம்பிலிருந்த பனி மட்டும் ஒரு கூடை அளவு சரிந்து உள்ளே விழுந்தது. வண்டி விழவில்லை.

"முடிஞ்சுதா?" என்றார் பாதிரியார், கண்ணைத் திறக்காமல்.

"முடிஞ்சுது. குப்தாரி சாப்பிடுறீங்களா? இன்னும் சூடா இருக்கு."

செவ்வாயும் சனியும் மாக்வாலாவுக்குக் கிடைத்தன. தோற்றதாக யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. புனிதர் அவருக்கு மட்டும் சலுகை கொடுத்திருக்கிறார் என்று திடலில் விளக்கம் சொல்லப்பட்டது. ஆனாலும் ஒரு புது வழக்கம் சத்தமில்லாமல் வந்துவிட்டது: ஓட்டுநருக்காகப் பக்கத்தில் இருப்பவர் சிலுவை போடுகிறார். முன் இருக்கைக்கு ஆள் தேடி ஓட்டுநர்கள் அலைகிறார்கள். ஆள் கிடைக்காத பிமுர்ஸா, வளைவுக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தி, கீழே இறங்கிக் கும்பிட்டுவிட்டு ஏறுகிறார். இந்தக் குளிர்காலம் பள்ளம் காலியாகக் கிடக்கிறது.

"பாத்தியா," என்கிறார் அவர், "புனிதர் சாந்தமாயிட்டார்."

"ஆமா அண்ணே. உங்க கையைப் பிடிச்சு வெச்சிருக்கார்ல."

செவ்வாய்க்கிழமை. வேனில் மாவு மூட்டைகள், ஒரு தையல் மிஷின், பின்னால் மூன்று பெண்கள். முன் இருக்கையில் ஓத்தார் சுட்ட ரொட்டிப் பொட்டலம் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. அதற்குச் சிலுவை போடத் தெரியாது. மரங்கள் விலகுகின்றன, கூரை தெரிகிறது. பின்னால் மூன்று கைகள் எழுகின்றன. மாக்வாலாவின் இரண்டு கையும் அசையவில்லை. வளைவு முடிந்து, பாதை நேராகி, கோயில் பக்கக் கண்ணாடிக்குள் சின்னதாய் வந்து நின்றதும், ஸ்டீரிங்கைப் பிடித்த பிடி பிடித்தபடி இருக்க, அவருடைய சுட்டுவிரல் மட்டும் எழுந்து தாழ்கிறது.